வேதம் படித்து எழுதிய கடிதம்: சொன்னதும் சொல்லாததும்

2006 செப்டம்பரில் ஜெர்மனியில் போப் 16ஆம் பெனடிக்ட் நிகழ்த்திய உரையில், நபிகள் நாயகத்தைப் பழிக்கும் பழைய மேற்கோள் ஒன்று இடம்பெற்றது. எழுந்த கொந்தளிப்பில் பாலஸ்தீனத்தில் தேவாலயங்களும் தாக்கப்பட்டன. மறு ஆண்டு அக்டோபரில் 138 இஸ்லாமிய அறிஞர்கள் கிறிஸ்துவத் தலைவர்களுக்குக் கடிதம் எழுதினர். திருக்குர்ஆனோடு மாற்கு நற்செய்தியையும் மேற்கோள் காட்டி, இறையன்பும் அயலார் அன்பும் இரு சமயத்துக்கும் பொது என்றனர். யேல் பல்கலைக்கழக இறையியலாளர்கள் தயாரித்த பதிலில் சிலுவைப் போர்களுக்காக மன்னிப்புக் கேட்கப்பட்டது.

ஆனால் சிலுவை மரணம் பற்றிக் கடிதம் பேசவில்லை. இயேசு சிலுவையில் மரித்தார் என்பது கிறிஸ்துவத்தின் அடித்தளம். அவர் சிலுவையில் அறையப்படவில்லை என்கிறது திருக்குர்ஆனின் 4ஆம் அத்தியாயம். இதில் சமரசத்துக்கு இடமில்லை. மேடை விவாதங்கள் சூடு பிடிப்பதும் இங்கேதான், மிஞ்சுவது கைத்தட்டல். அதே திருக்குர்ஆனில் மர்யமின் பெயரில் ஓர் அத்தியாயமே இருப்பது எத்தனை கிறிஸ்துவர்களுக்குத் தெரியும்?