நம்பர் ஏறினால் நோய் ஏறியதாக அர்த்தமா?

வீட்டில் யாருக்காவது 'பெட் ஸ்கேன்' எடுத்த அனுபவம் உண்டா? (படுக்கைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. பாசிட்ரான் என்ற துகளை வைத்து வந்த பெயர்!) ரிப்போர்ட்டில் 'எஸ்.யூ.வி.' என்று ஒரு நம்பர் இருக்கும். ஊசியில் போட்ட மருந்தைக் கட்டி எவ்வளவு இழுத்தது என்பதை, உடம்பு எடையையும் சேர்த்துக் கணக்கிட்டுச் சொல்கிற நம்பர். அதைப் பார்த்துவிட்டு ராத்திரி தூங்காமல் புரள்கிறவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

அம்மாவுக்குப் புற்றுநோய் சிகிச்சை நடக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் ஸ்கேனில், அக்குளில் இருந்த சின்ன நெறிக்கட்டிக்கு 4. அடுத்த ஸ்கேனை, 'புது மெஷின் வந்திருக்காம்' என்று வேறு சென்டரில் எடுக்கிறீர்கள். 5.5! 'போச்சு, மருந்து கேட்கலை' என்று வீடே இடிந்துபோய் உட்கார்ந்துவிடும். கொஞ்சம் பொறுங்கள். நோய் ஏறியிருக்கலாம். ஆனால், படம் போட்ட கணக்கு மாறினாலும் நம்பர் ஏறும்.

கணக்கா? ஆமாம். இது எக்ஸ்ரே மாதிரி நேரடியாக விழுகிற படம் இல்லை. குளுக்கோஸைப் போன்ற கதிரியக்க மருந்தை ஊசியில் போட்டு, சுமார் ஒரு மணி நேரம் காத்திருக்கச் சொல்கிறார்கள். மருந்து சேர்ந்த இடத்திலிருந்து கதிர்கள் ஜோடி ஜோடியாக, எதிரெதிர்த் திசையில் கிளம்பி மெஷின் வளையத்தில் மோதும். அந்த இரண்டு புள்ளிகளை இணைக்கிற கோட்டில் எங்கோ மருந்து இருக்கிறது... மெஷினுக்குக் கிடைக்கிற துப்பு அவ்வளவுதான். லட்சக்கணக்கான கோடுகளிலிருந்து படத்தை எடுப்பது கம்ப்யூட்டரின் வேலை.

பழைய முறையில், ஒவ்வொரு கோட்டின் மேலும் மையைத் தடவிக்கொண்டே போய், மை அதிகம் சேர்கிற இடத்தைப் பார்ப்பார்கள். வேகமான வேலை, ஆனால் படத்தில் கீறல் கீறலாக விழும். அடுத்தது, தையல்காரர் ட்ரயல் பார்க்கிற மாதிரி முறை. உத்தேசமாக ஒரு படம் போட்டு, மெஷினில் பதிவானதோடு ஒப்பிட்டு, திருத்தி, மறுபடி ஒப்பிட்டு... 1982-ல் ஷெப், வார்டி என்ற இருவர் இதற்கு வழி சொன்னார்கள். நேரம் ரொம்பப் பிடித்தது. 1994-ல் ஹட்சன், லார்கின் இருவரும் அதை வேகப்படுத்தினார்கள். திருத்தம் அளவு மீறினால் படம் புள்ளி புள்ளியாகப் பொரிந்துபோகும் என்பது இதிலுள்ள தொல்லை.

இப்போது மெஷினுக்கே உரிய மங்கலையும் கணக்கில் சேர்த்துச் சரிசெய்கிறார்கள். மூக்குக் கண்ணாடி போட்ட மாதிரி! சின்னக் கட்டிகள் பளிச்சென்று தெரியும். கூடவே அவற்றின் நம்பரும் எகிறும். சில சமயம் நிஜத்தைவிட அதிகமாகக்கூட.

எது உசத்தி? சின்னக் கட்டியைக் கண்டுபிடிக்கப் புதுசுதான். ஆனால், போன தடவை நம்பரோடு ஒப்பிட வேண்டுமென்றால் என் ஓட்டு 'அதே முறை'க்கு. முடிந்தவரை அதே சென்டர், அதே மெஷின். முடியாவிட்டால் பழைய ரிப்போர்ட்டோடு சி.டி.யையும் கொண்டுபோங்கள். எந்த முறையில் போட்ட படம் என்ற குறிப்பு வழக்கமாக அதிலேயே பதிவாகியிருக்கும். டாக்டரிடம், "ரெண்டும் ஒரே முறையில போட்டதா?" என்று தயங்காமல் கேளுங்கள். ஒரே பதிவிலிருந்து, பார்க்க ஒரு படமும் ஒப்பிட இன்னொரு படமும் போட்டுக்கொள்கிற வசதி பல மெஷின்களில் இருக்கிறது.

ஐரோப்பாவில் 2010 முதல், அளவு தெரிந்த உருண்டைகள் வைத்த தண்ணீர்ப் பொம்மையை ஸ்கேன் செய்து, நம்பர் வரம்புக்குள் வருகிறதா என்று சோதித்துச் சான்றிதழ் தருகிறார்கள். அவ்வளவு தூரம் போக வேண்டாம். சர்க்கரை அளவு, எடை எல்லாம் ரிப்போர்ட்டில் எழுதுகிறவர்கள், படம் போட்ட முறையையும் ஒரு வரி சேர்த்து எழுதினால் என்ன செலவாகிவிடும்?