கைராசி என்னும் மயக்கம்

வைத்தியருக்குக் கைராசி வேண்டும் என்றும், முதற்போணி செய்பவருக்குக் கைராசி வேண்டும் என்றும் நம்மவர் சொல்லக் கேட்டிருக்கிறோம். மண்ணைத் தோண்டிப் பழம்பொருள் தேடுகிறவருக்கும் அதுவே முதன்மையான யோக்கியதை என்ற எண்ணம், படித்தவர் படியாதவர் என்ற பேதமின்றி எங்கும் பரவிக் கிடக்கிறது. யார் கைபட்ட இடத்தில் பொருள் கிடைக்கிறதோ அவரே பெரிய ஆராய்ச்சியாளர். அவருடைய நேர்மைக்கு அவருடைய மனச்சாட்சியே போதிய காவல். அத்தகையோருக்கென ஒரு சங்கம் இருக்குமானால் அது ஆண்டுக்கொரு முறை கூடிக் கட்டுரை வாசித்து, மூத்தோரைக் கௌரவித்துக் கலைவதற்கே என்று எண்ணுகிறார்கள். இந்த அபிப்பிராயம் எவ்வளவு பெரிய அனர்த்தத்துக்கு இடம் கொடுக்கும் என்பதற்கு ஜப்பான் தேசத்தில் நடந்ததைவிடத் தெளிவான பிரமாணம் எனக்குத் தெரிந்து வேறில்லை.

ஃபுஜிமுரா ஷினிச்சி என்பவர் பல்கலைக்கழகப் பயிற்சி பெறாத ஆர்வலர். 1970களில் தொடங்கி ஏறத்தாழ இருபத்தைந்து ஆண்டுகள், மியாகி மாநிலத்திலும் அதைச் சூழ்ந்த பகுதிகளிலும் அவர் நின்ற இடமெல்லாம் கற்கருவிகள் வெளிப்பட்டன. 1981இல் ஸஸராகி என்ற இடத்தில் கிடைத்தவை நாற்பதினாயிரம் ஆண்டுகளுக்கு முற்பட்டவை என்றார்கள்; பின்னர் கமிடகமோரியில் காலம் பின்னோக்கி ஓடி 6 லட்சம் ஆண்டுகளையும் எட்டியது. சுமார் 30 கிலோமீட்டர் இடைவெளியில் அமைந்த இரண்டு களங்களில் எடுத்த கற்கள் ஒன்றோடொன்று பொருந்தின என்ற செய்தியைக்கூட, கேட்டவர்கள் ஐயத்துக்குரியதாகக் கொள்ளாமல் அதிசயமாகக் கொண்டார்கள். அவருக்கு 'தெய்வக் கை' என்று பட்டம் கிடைத்தது. பள்ளிப் பாடப் புத்தகங்கள் திருத்தி எழுதப்பட்டன. 2000ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்து ஒரு விடியற்காலையில், யாரும் இல்லாத அகழ்வுக் குழியில் அவர் தனியே குனிந்து, பையிலிருந்து கற்களை எடுத்துப் புதைத்து மண்ணைக் காலால் மிதித்துச் சமன்செய்ததை 'மைனிச்சி' நாளிதழின் மறைவான காமிரா பதிவு செய்தது. நவம்பர் 5ஆம் தேதி அந்தப் படங்கள் அச்சில் வந்தன.

1948இல் நிறுவப்பட்ட ஜப்பானியத் தொல்லியல் சங்கம், காலங்கடந்தேனும் தன் கடமையை உணர்ந்தது. தனிக்குழு ஒன்றை நியமித்து, அவர் தொட்ட களங்களையெல்லாம் மறுபடி பரிசோதிக்க ஏற்பாடு செய்தது. அந்தக் குழுவினர் அருங்காட்சியகப் பெட்டிகளிலிருந்து கற்களை ஒவ்வொன்றாக எடுத்து உருப்பெருக்கிக் கண்ணாடியின் கீழ் வைத்துப் பார்த்தபோது, பலவற்றின் மேல் மெல்லிய செந்நிறக் கோடுகள் தென்பட்டன. அவை இரும்புத் துருவின் தடங்கள். உழவனின் கொழுவோ மண்வெட்டியோ உரசிச் சென்றால் கல்லின் மேல் அப்படிக் கோடு விழும். எரிமலைச் சாம்பலுக்கு அடியில், இரும்பு என்ற உலோகத்தையே மனிதர் அறியாத காலந்தொட்டு அசையாமல் கிடந்ததாகச் சொல்லப்பட்ட கல்லின் மேல், கலப்பை பட்ட வடு எவ்வாறு ஏறும்? வயல்வெளியில் மேலாகப் பொறுக்கிய பிற்காலக் கருவிகளே ஆழக் குழிகளில் புதைக்கப்பட்டிருந்தன. 2003இல் வெளியான அறிக்கை, 160க்கும் மேற்பட்ட களங்களின் சான்றுகளைத் தள்ளியது.

மனச்சாட்சியே போதும் என்போர் இங்கே ஒன்றைச் சிந்திக்க வேண்டும். ரசாயன நிபுணர் ஒருவர் தம் சோதனையின் முடிவைத் திரித்துச் சொன்னால், வேறொருவர் அதே பொருள்களைக் கொண்டு அதே சோதனையை மறுநாளே செய்து பார்க்கலாம். அகழ்வாராய்ச்சியில் அதற்கு வழியில்லை. ஒரு மண்ணடுக்கை ஒருமுறை வெட்டி எடுத்துவிட்டால், பிரம்மதேவனே வந்தாலும் அதை முன்போல் அடுக்க முடியாது. எந்தப் பொருள், எந்த அடுக்கில், எதன் அருகே, எவ்வாறு கிடந்தது என்பதற்கு வெட்டியவரின் குறிப்பேடும் வரைபடமும் புகைப்படமுமே சாட்சி. பரீட்சிக்கும் செயலே பரீட்சைப் பொருளை அழித்துவிடும் இந்தச் சாஸ்திரத்தில், தனிமனிதரின் நாணயத்தை மட்டும் நம்பியிருப்பது, சாட்சியையே நீதிபதியாகவும் அமர்த்துவதற்கு ஒப்பாகும். நாணயமுள்ளவருக்கும் அது அநீதியே, ஏனெனில் தம் நேர்மையை நிரூபிக்க அவருக்கும் வழியில்லாமற் போகிறது.

அரசாங்கத்தின் கண்காணிப்பு இருக்கிறதே என்பார்கள். ஸஸராகியை 1997இல் தேசியச் சரித்திரச் சின்னமாக அறிவித்தது அரசாங்கந்தான். 2002இல் அந்த அறிவிப்பை ரத்து செய்ததும் அதுவே. பத்திரிகைகள் போதாவோ என்பார்கள். உண்மையை வெளிக்கொணர்ந்த பெருமை ஒரு நாளிதழைச் சேரும் என்பதை நான் மறுக்கவில்லை. ஆயினும் அதே பரபரப்பில் ஒரு வார இதழ், ஓயிட்டா மாநிலத்துப் பேராசிரியர் ஒருவர் முன்பு ஆய்ந்த குகையின் மீதும் போலிக் குற்றம் தொனிக்கும்படி எழுத, அந்த முதியவர் 2001இல் தம் உயிரையே மாய்த்துக்கொண்டார். அவர் குடும்பத்தார் தொடுத்த வழக்கில் நீதிமன்றம் பின்னர் அவர்கள் பக்கமே தீர்ப்பளித்தது. போன உயிர் திரும்பவில்லை. குற்றவாளியைக் கண்டுபிடிப்பது எவ்வளவு அவசியமோ அவ்வளவு அவசியம் குற்றமற்றவரைக் காப்பது. இரண்டையும், கல்லையும் மண்ணையும் அறிந்தவர்கள் கூடி, குறிப்பேடுகளை வரவழைத்து, இரு தரப்பையும் கேட்டு, நிதானமாகச் செய்ய வேண்டும். அதற்கு உரிய ஸ்தாபனம் அத்தொழிலைச் செய்வோர் தாமே அமைத்துக்கொண்ட சங்கமன்றி வேறெது?

இது வெறும் கனவன்று. பிரிட்டனில் 1982இல் தோன்றிய கள ஆய்வாளர் சங்கம், அங்கத்தினரை அவரவர் தகுதி பார்த்துச் சேர்த்து, நடத்தை விதிகளுக்குக் கட்டுப்படுத்தி, 2014இல் அரச சாசனமும் பெற்றது. அமெரிக்காவில் 1998இல் ஏற்பட்ட தொல்லியலாளர் பதிவேட்டில் பெயரைச் சேர்த்துக்கொள்பவர், தம்மீது புகார் வந்தால் விசாரணைக்கு உட்படுவதாக முன்னரே ஒப்புக்கொள்கிறார். அகழ்ந்ததை எழுதி வெளியிட வேண்டும், எடுத்த பொருளைப் பாதுகாப்பான இடத்தில் சேர்க்க வேண்டும் என்பனவும் இத்தகைய விதிகளைச் சேர்ந்தவையே. இவற்றுள் என் மனத்துக்கு மிக நெருக்கமானது, இளையவரின் சந்தேகத்துக்கு இடம் அளிக்கும் கடமை. மூத்தவர் முன்னிலையில் குழியோரம் நிற்கும் மாணவனுக்கு, 'ஐயா, இந்தக் கல் இங்கே இயற்கையாகக் கிடந்ததாகத் தோன்றவில்லையே' என்று சொல்ல நா எழாது. தொன்மையின் பெருமையில் மனம் பறிகொடுக்கும் சமூகங்களில், நம்முடையதும் அவற்றுள் ஒன்றே, அந்தத் தயக்கம் இன்னும் இறுகிப்போகிறது. அந்த மாணவன் அச்சமின்றிச் சென்று முறையிட ஓர் இடம் வேண்டும்.

ஜப்பானிலும் சந்தேகம் எழாமல் இல்லை. ஓதா ஷிசுவோ, சார்லஸ் கீலி என்ற இருவர், மியாகிக் களங்களின் சான்றுகள் நம்பத்தக்கவை அல்ல என்று 1986லேயே விரிவாகக் கட்டுரை எழுதினார்கள். அவர்களை எவரும் விசாரணைக்கு அழைக்கவில்லை; கருவிகளையும் களக் குறிப்புகளையும் ஒரே மேசைமேல் வைத்து, எதிர்த்தவரையும் ஆதரித்தவரையும் அதன் இருபுறமும் அமர்த்தும் பொறுப்பை யாரும் ஏற்கவில்லை. அதுவரை எடுத்த கற்கள் அலமாரிகளில் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தன. உருப்பெருக்கிக் கண்ணாடியைக் கொண்டுவரும்படி சங்கம் சொல்வதற்குள் இன்னும் பதினான்கு ஆண்டுகள் கழிந்தன.