பெயரறிந்து காப்போம்

மரக்கிளையைப் பற்றி வாழும் ஆர்க்கிட் செடியைப் புல்லுருவி என எண்ணுவோர் இன்றும் பலர். புல்லுருவி மரத்தின் சாற்றை உறிஞ்சும். ஆர்க்கிட்டோ தங்க இடம் மட்டுமே கேட்கிறது. மழைநீரையும் காற்றின் ஈரத்தையும் தன் வேர்களைப் போர்த்த வெண்ணிறப் பஞ்சுறையால் ஏற்று வாழ்கிறது. தாங்குவோர்க்குத் தீங்கு செய்யாத விருந்தாளி அது. எனினும் மரம் வீழும்போது விருந்தாளியும் வீழ்கிறது.

மேற்குத் தொடர்ச்சி மலையில் தேயிலைக்கும் காப்பிக்கும் அணைக்கும் சாலைக்கும் எனக் காடுகள் அழிக்கப்பட்ட காலந்தொட்டு இவ்வீழ்ச்சி நிகழ்ந்து வருகிறது. ஆர்க்கிட்டின் விதை தூசுபோல் நுண்ணியது; உணவுச் சேமிப்பு அற்றது; உரிய பூஞ்சையின் துணையின்றி இயற்கையில் முளைக்காது. ஒன்று போயின் மற்றொன்று விரைவில் தோன்றும் என ஆறுதல் கொள்வதற்கில்லை.

ஆகவே, வீழ்ந்த மரங்களிலிருந்து இச்செடிகளை மீட்பது நற்பணியே. வயநாட்டின் பேரியாவில் ஜெர்மானியரான வோல்ஃப்காங் தொயர்காஃப் 1981இல் நிறுவிய குருகுலத் தாவரக் காப்பகம் அழியும் காடுகளின் செடிகளை மீட்டுப் பேணி, இப்பணிக்கு வழிகாட்டியது.

ஆனால் மீட்டால் மட்டும் போதுமா? போதாது என்பதே எம் கருத்து. எவ்விடத்தில், எம்மரத்தில், எந்நாளில் எடுக்கப்பட்டது என்னும் குறிப்பில்லாத செடி ஊர்பேர் அறியாத குழந்தை போன்றது. இலையை மட்டும் கண்டு இனத்தைத் துணிவது பெரும்பாலும் அரிது. பூக்கும்வரை பொறுமையுடன் வளர்த்து, உதட்டிதழின் வடிவையும் மகரந்தத் திரளின் அமைப்பையும் நோக்கியே பெயரைத் தெளிதல் வேண்டும்.

பெயரின் அருமையை ஒரு பழைய நூல் உணர்த்தும். டச்சு ஆளுநர் வான் ரீட் 1678 முதல் 1693 வரை 12 தொகுதிகளாக வெளிவரச் செய்த 'ஹோர்த்துஸ் மலபாரிக்குஸ்', இட்டி அச்சுதன் முதலிய நாட்டு மருத்துவர்களின் அறிவைத் துணைக்கொண்டது. மரத்தில் வாழும் ஆர்க்கிட்டுகளுக்கு மலையாள மக்கள் வழங்கிய 'மரவாழ' என்னும் பெயரையும் அது பதிவு செய்தது. பின்வந்த லின்னேயசுக்கு அந்நூல் சான்றாயிற்று. தமிழ் மலைகளில் நாம் செய்ய வேண்டுவதும் அதுவே. தாவரவியல் மாணவர் மலரை ஆராயட்டும். தமிழ்த்துறை மாணவர் மலைவாழ் முதியோரிடம் கேட்டு அம்மலரின் பெயரைத் தொகுக்கட்டும். ஆதம் (அலை) அவர்களுக்கு இறைவன் முதலில் கற்பித்தது பெயர்களை அன்றோ!

ஓர் எச்சரிக்கையும் வேண்டும். அகத்தியமலையின் ட்ரூரி ஆர்க்கிட், மலராசை கொண்டோர் அகழ்ந்தெடுத்தமையால் பெரிதும் அருகியது. அழிந்ததென எண்ணப்பட்டு 1972இல் மீண்டும் காணப்பட்டது. எனவே வனத்துறையின் அனுமதியின்றி எச்செடியையும் தொடலாகாது. மீட்பைக் காட்டிக் காடழித்தலை நியாயப்படுத்தலும் ஆகாது. தொட்டியில் செடி பிழைக்கலாம். அதன் பூஞ்சையும் வண்டும் நிழலும் சேர்ந்த காடு தொட்டிக்குள் அடங்காது.

காடு நம் உடைமையன்று; நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். அமானிதத்தைத் திருப்பித் தரும் நாளில், அதில் என்ன இருந்தது என்றேனும் சொல்லத் தெரிந்தவர்களாய் நாம் நிற்க வேண்டாமா?