சொந்தத் திண்ணையில் பேசுவோம்

"ஹலோ... ஹலோ... நான் பேசறது கேக்குதா?"

கட்டற்ற மென்பொருள் குழு எதிலாவது இருந்தவர்களுக்கு இந்த வரி அத்துப்படி. ஒரு மணி நேரக் கூட்டத்தில் முதல் பத்து நிமிடம் இதற்கே போய்விடும். :-)

மென்பொருள்களைத் தமிழாக்கும் ஒரு சின்னக் குழுவுக்கு, புனேயில் உட்கார்ந்துகொண்டு நாலைந்து வருடமாக நான்தான் இந்தக் குரல்வழிக் கூட்டங்களை நடத்துகிறேன். பட்டுத் தெரிந்துகொண்டதில் இரண்டு விஷயம் சொல்லியே ஆகவேண்டும். ஒன்று, குழுவின் பேச்சு குழுவின் சொந்த சர்வரில் நடக்கட்டும். இரண்டு, அந்தப் பேச்சில் எந்த முடிவும் எடுக்கக் கூடாது.

முதலாவதற்கு வருவோம். "ஓசியில் ஆயிரம் சேவை இருக்கும்போது எதற்குய்யா இந்த வேலை?" என்று நண்பர்கள் கேட்பார்கள். 2003-ல் வந்த ஸ்கைப்பை நம்பி எத்தனை பேர் இருந்தோம்! 2025 மே மாதம் இழுத்து மூடிவிட்டார்கள். கட்டற்ற மென்பொருளான ஜிட்சியின் இலவசப் பொதுத்தளத்தில்கூட 2023 ஆகஸ்டிலிருந்து, அறையைத் திறப்பவர் கூகுள், ஃபேஸ்புக், கிட்ஹப் என்று ஏதாவது ஒரு கணக்கோடு நுழைய வேண்டும். தவறாகப் பயன்படுத்துகிறவர்களின் தொல்லைதான் காரணம். அவர்கள் பக்கமும் நியாயம் இருக்கிறது. ஆனால் அடுத்தவர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்தால் அவர் எழுந்திரு என்றதும் எழுந்துதான் ஆகவேண்டும். ஜிட்சியில் உள்ள வசதி என்னவென்றால், அதே மென்பொருளை நம் சர்வரில் நாமே நிறுவிக்கொள்ளலாம். திண்ணையோடு சேர்த்து வீட்டுக்கான வரைபடத்தையும் தந்திருக்கிறார்கள்.

இது புது யோசனையும் அல்ல. 1999-ல் பிறந்த அஸ்டரிஸ்க்கை வைத்துக்கொண்டு ஃபெடோரா சமூகம் 'ஃபெடோரா டாக்' என்று சொந்தத் தொலைபேசிச் சேவையே நடத்தியது. நம் ஊரில் அப்போது அதை முழுசாகச் செய்ய வழியில்லை. 2002 ஏப்ரலில் இணையத் தொலைபேசிக்கு அனுமதி வந்தாலும், உள்நாட்டில் கணினியிலிருந்து சாதாரண போனுக்குப் பேசத் தடை இருந்தது. இணையம் இல்லாதவர் தன் வீட்டு போனிலிருந்து கூட்டத்துக்குள் வருவது நமக்கு வாய்க்கவில்லை.

செலவுக்கு வருவோம். வீடியோ வேண்டாம், குரல் மட்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். 2012-ல் தரமாக்கப்பட்ட ஓப்பஸ் கோடெக்கில் நொடிக்கு 32 கிலோபிட் இருந்தால் பேச்சு தெளிவாகவே கேட்கும். பொட்டலங்களின் தலைப்புச் சுமையையும் சேர்த்தால் சுமார் 48. ஒருவர் பேச 19 பேர் கேட்கிறார்கள் என்றால் சர்வரிலிருந்து வெளியே போவது நொடிக்கு ஒரு மெகாபிட்கூட வராது. கேட்கிறவருக்கு ஒரு மணி நேரத்துக்கு 22 எம்பி அளவுக்குத்தான் டேட்டா போகும். மம்பிள் மாதிரி குரலுக்கென்றே செய்த மென்பொருளுக்கு மிகச்சிறிய வாடகை சர்வரே போதும். ஆளுக்குக் கொஞ்சம் போட்டால் முடிந்தது.

உண்மையான செலவு பணத்தில் இல்லை, ஆளில் இருக்கிறது. ஒரு பொங்கலுக்கு ஊருக்கு ரயிலில் போய்க்கொண்டிருந்தேன். சர்வரின் பாதுகாப்புச் சான்றிதழ் காலாவதியாகிவிட்டது. ஆட்கள் உள்ளே வர முடியாமல் எனக்கு போன் மேல் போன். கடவுச்சொல் என்னிடம் மட்டும்தான். சோலாப்பூர் தாண்டியதும் சிக்னலும் இல்லை. அன்றைக்குக் கூட்டமே நடக்கவில்லை. ஒரே ஆளிடம் சாவி இருந்தால் அது பொதுத் திண்ணை இல்லை, அவர் வீட்டுத் திண்ணைதான் என்று அன்று உறைத்தது. இப்போது மூன்று பேரிடம் சாவி இருக்கிறது.

இனி இரண்டாவது விஷயம். இதைச் சொல்லக் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கிறது.

எங்கள் குழுவில் ஓர் ஆசிரியை இருந்தார். தமிழ்நாட்டில் ஒரு கிராமம். எங்கள் எல்லோரையும்விட அதிகமாக மொழிபெயர்த்தவர். கூட்டத்தில் அவர் குரல் மட்டும் விட்டுவிட்டு வரும், பிறகு அறுந்துவிடும். ஒரு ஞாயிறு இரவு, பல நாள் இழுத்துக்கொண்டிருந்த கலைச்சொல் பட்டியலை, நல்ல இணைப்பு வைத்திருந்த நாலு பேர் அரை மணியில் பேசி முடித்துவிட்டோம். அவர் ஒரு வருடமாகப் பயன்படுத்திவந்த சொற்களில் பல மாறிப்போயின. காரணம் எங்கும் எழுதிவைக்கப்படவில்லை. அவர் சண்டை போடவில்லை. "சரிங்க, நீங்களே பார்த்துக்குங்க" என்று இரண்டு வரி எழுதிவிட்டு நின்றுகொண்டார். கூட்டம் நடத்தியவன் நான். தப்பு என்னுடையது.

குரல் வேகமானதுதான். ஆனால் அந்த வேகம் நல்ல இணைப்பும், தனி அறையும், ஞாயிறு இரவு ஒன்பது மணிக்கு ஓய்வும் உள்ளவர்களுக்கே சொந்தம். அடுப்படியில் நிற்பவருக்கும், நைட் ஷிஃப்டில் இருப்பவருக்கும், டவர் கிடைக்காத ஊர்க்காரருக்கும் எழுத்துதான் சமமான இடம். அப்பாச்சி திட்டங்களில், மடற்குழுவுக்கு வராத முடிவு முடிவே அல்ல என்று ஒரு பழைய வழக்கம் உண்டு. அது வெறும் சம்பிரதாயம் என்றுதான் நினைத்திருந்தேன். இப்போது எங்கள் கூட்டத்தில் பேசுவதை ஒருவர் குறிப்பெடுப்பார். அன்றிரவே அது எல்லோருக்கும் போகும். ஒரு வாரம் கழித்துத்தான் முடிவு.

"அப்படியென்றால் பேசவே வேண்டாமே?" என்று கேட்கலாம். வேண்டும் சார். புதிதாக வருகிற பையனோ பெண்ணோ பயம் தெளிவது எழுத்தில் அல்ல, யாராவது சிரிக்கிற சத்தத்தில்தான். வெளியூரில் இருக்கும் நமக்கு இன்னொரு லாபமும் உண்டு. வீட்டில் அப்பா அம்மாவின் தமிழை மட்டுமே கேட்டு வளரும் என் மகள், ஸ்பீக்கரில் மதுரைத் தமிழும் நாகர்கோவில் தமிழும் கேட்டுவிட்டு, "இதெல்லாமும் தமிழாப்பா?" என்றாள்.

அந்த ஆசிரியைக்கு மன்னிப்புக் கேட்டு எழுதினேன். பதில் வந்தது, அவர் திரும்பி வரவில்லை. பழைய சொற்பட்டியலை மறுபடி எடுத்து, அவருடைய சொற்களை ஒவ்வொன்றாக எழுத்தில் விவாதித்துக்கொண்டிருக்கிறோம். இதுவரை பார்த்ததில் பாதிக்கு மேல் அவர் சொன்னதே சரி.