கடற்கரைப் பட்டினத்தில் மொழி பயிலல்

மத்திய அமெரிக்காவிலே, நிக்கராகுவா நாட்டின் தென்மேற்கு மூலையில், பசிபிக் சமுத்திரக் கரையில் சான் ஹுவான் தெல் சூர் என்னும் சிறு பட்டினம் ஒன்று உளது. எம் கல்லூரியிற் பயின்று பின்னர்க் கனடாவிற் குடியேறிய அன்பர் ஒருவரின் மகன், ஸ்பானிய மொழி கற்கவென 2017ஆம் ஆண்டு ஐப்பசியில் அங்குச் சென்றான். நான்கு கிழமைக்கெனச் சென்றவன் ஏழு மாதம் தங்கிவிட்டான். “படிக்கப் போனவன் கடற்கரையிற் காலங் கழிக்கிறான்” என்று தந்தையார் அக்காலத்தில் மனம் நொந்து எமக்கு எழுதினார். அவருக்கு யாம் அன்று சுருங்கக் கூறிய விடையை இம்மலரிற் சற்று விரித்துரைக்க விரும்புகின்றோம். அவரைப் போல எண்ணுவோர் எம் பழைய மாணவரிடைப் பலர் உளர்.

தந்தையாரின் குறை முற்றும் ஆதாரமற்றதன்று. அப்பட்டினம் அந்நியரை நம்பி வாழப் பழகி ஒன்றரை நூற்றாண்டுக்கு மேலாகின்றது. கலிபோர்னியாவிற் பொன் கண்டெடுக்கப்பட்ட காலத்தில், நியூயோர்க்கிற் கப்பலேறியோர் சான் ஹுவான் ஆற்றின் வழியாகவும் நிக்கராகுவா ஏரியின் வழியாகவும் வந்து, எஞ்சிய பன்னிரண்டு மைலளவைத் தரைவழியே கடந்து, இக்குடாவில் மீண்டும் கப்பலேறிச் சென்றனர். மார்க் ட்வெயின் என்னும் அமெரிக்க எழுத்தாளரும் 1866ஆம் ஆண்டின் முடிவில் எதிர்த்திசையாக இவ்வழியே சென்றவராவர். அவருக்கு முன்னரே, 1855இல், வில்லியம் வாக்கர் என்னும் அமெரிக்கன் கூலிப்படையுடன் அந்நாட்டிற் புகுந்தான். மறு ஆண்டு தன்னைத்தானே குடியரசுத் தலைவனாக்கிக் கொண்டான். ஒழிக்கப்பட்டிருந்த அடிமை முறையை மீட்டதோடு, ஆங்கிலமும் ஆட்சிமொழியாகுக என்று ஆணையுமிட்டான். 1857இல் அவன் ஆட்சி ஒழிந்தது. ஆணையும் அதனோடு ஒழிந்தது. ஆயின் ஆணையினாற் புகமாட்டாத ஆங்கிலம், அலைமேற் பலகையேறி விளையாட வரும் இளைஞர் வாயிலாகப் பிற்காலத்தில் எளிதாகப் புகுந்துவிட்டது. விடுதிக்காரனும் உணவுச்சாலைப் பணியாளனும் ஆங்கிலத்திலேயே வரவேற்கின்றனர். அவர்களுக்கு அது பிழைப்பு. மாணாக்கன் விரும்பிக் கற்க வந்தவன். அவர்களோ வேறு வழியின்றிக் கற்றவர்கள். இவ்விருவரும் சந்திக்கும்போது எவர் மொழி வெல்லும் என்பதைச் சொல்லவும் வேண்டுமோ?

எனவே முதலிரண்டு மாதங்களில் அவன் கற்றது சொற்பமே. காலையில் நான்கு மணி நேரம் ஆசிரியை ஒருவர் அவனை எதிரிலிருத்தி இலக்கணம் கற்பித்தார். பிற்பகல் முழுவதும் உடன் தங்கிய அந்நியரோடு ஆங்கிலம். மூன்றாம் மாதத்தில் விடுதியை விட்டு நீங்கி, கடற்கரைக்குப் பின்னாலுள்ள தெருவொன்றில், ஆங்கிலம் ஒரு சொல்லும் அறியாத கிழவியார் வீட்டில் ஓர் அறை பெற்றான். கடலுக்கும் அவ்வீட்டுக்கும் இடையே கால் மைலும் இராது. ஆயினும் மொழி அவனுக்கு வரத் தொடங்கியது அங்கேதான். கடற்கரையைக் குறைகூறிப் பயனில்லை. குறை அவன் முதலில் தங்கிய வீட்டில் இருந்தது.

அவ்வீட்டில் அவன் முதலிற் கற்றது, தன் பாடப்புத்தகத்தை மறத்தல். அணுக்கமானவரைத் ‘தூ’ என விளித்தல் வேண்டும் என்பது புத்தகத்தின் விதி. நிக்கராகுவா மக்களோ ‘வோஸ்’ என்கின்றனர். வினைமுற்றின் ஈறும் அதற்கேற்ப மாறுகின்றது. மரியாதைக்கு ‘உஸ்தெத்’ உண்டு. ‘வோஸ்’ என்பது ஒரு காலத்திற் பெருமக்களை விளித்த பன்மைச் சொல். நாளடைவிற் கீழிறங்கி நண்பருக்குரியதாயிற்று. யாழ்ப்பாணத்தாராகிய எமக்கு இது புதுமையன்று. பன்மையாயிருந்த ‘நீர்’ எங்கள் வாயில் நீக்கும் நீங்களுக்கும் நடுவிலே வந்து நின்றதன்றோ? எவரை ‘நீர்’ எனலாம், எவரை எனலாகாது என்பதை எந்த இலக்கண நூலிலிருந்து நாம் கற்றோம்? சொல்லீற்றிலுள்ள சகர ஒலியை அந்நாட்டார் ஆய்தம்போல மெலித்தே விடுவர். விடைபெறுதற்குரிய ‘ஆதியோஸ்’ என்னுஞ் சொல்லை, தெருவில் எதிர்ப்படுவோருக்கு வாழ்த்தாகவும் வழங்குவர். புதியவன், வந்தவுடனே தன்னைப் போகச் சொல்லுகின்றனரோ என்று மயங்குவான்.

ஒரு வேடிக்கையையும் குறிப்பிடலாம். அவன் வீட்டில் தாயார் வழங்கும் மேசை, சப்பாத்து, பாண், வாங்கு என்பவற்றை ஒத்த சொற்களை அக்கிழவியார் வாயிலுங் கேட்டு அவன் வியந்தான். 1619இல் யாழ்ப்பாண அரசைக் கைக்கொண்ட போர்த்துக்கேயர் எம்மிடம் விட்டுச் சென்றவை இவை. அவர்தம் மொழியும் ஸ்பானியமும் உடன்பிறந்தவை. இத்துணிவில் அவன் ‘கதிரை’யையும் அவ்வாறே சொல்லிப் பார்த்தான். ஸ்பானியத்தில் ‘கதேரா’ இடுப்பைக் குறிக்கும். கிழவியார் நகைத்தது அடங்கச் சிறிது நேரமாயிற்றாம்.

தந்தையாரின் கூற்றுக்கு எம் மறுப்பு இனி வருவதில் அடங்கியுள்ளது. 1992ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதம் முதலாந் திகதி மாலை அக்கடற்கரை நெடுகிலும் ஆழிப்பேரலை எழுந்தது. நில அதிர்ச்சி மெலிதாகவே உணரப்பட்டமையால் மக்கள் ஓட நினைக்கவில்லை. 170 பேர் வரையில் இறந்தனர். கிழவியார் இதனை ஐந்து மாதமாக அவனிடம் பேசவில்லை. ஒருநாள் இரவு மின்சாரம் நின்றபோது சொன்னார். ஸ்பானியத்தில் இறந்தகாலம் இரு வகைப்படும். கடல் வற்றிக்கொண்டிருந்தது என்பதற்கு ஒன்று. அலை வந்தது என்பதற்கு மற்றொன்று. வகுப்பில் அவன் பன்முறை மயங்கிய அவ்வேறுபாடு அன்றிரவு தெளிவாயிற்று என எழுதியிருந்தான். கேட்டு முடிந்ததும், 2004ஆம் ஆண்டு மார்கழியில் வடமராட்சி கிழக்குக் கரையிற் தன் தாய்வழி உறவினரை அலை கொண்டுபோன செய்தியை, தன் வீட்டிற் கேட்டவாறு அவனும் சொன்னான். அவன் சொன்னதிற் பிழைகள் இருந்திருக்கும். கிழவியார் எழுந்து வந்து அவன் பக்கத்தில் இருந்தாராம். நான்கு கிழமையில் திரும்பியிருப்பானாயின் உணவு விலை கேட்கக் கற்றிருப்பான், அவ்வளவே.

2018 சித்திரையில் அந்நாட்டிற் கலகம் மூண்டது. சமூகக் காப்புறுதிச் சட்டத்தின் மாற்றத்தை எதிர்த்தெழுந்த கிளர்ச்சி அடக்கப்பட்டபோது 300க்கும் மேற்பட்டோர் மாண்டனர். பிறநாட்டார் புறப்பட்டுப் போயினர், விடுதிகள் வெறுமையாயின, மொழி கற்பித்தோர் கூலியிழந்தனர். இவன் மேலும் சில கிழமை இருந்தான். அதைத் துணிவென்று யாம் புகழ மாட்டோம். உடனே திரும்புக என்று தந்தையார் வற்புறுத்தியது முறையே. (90 நாளுக்கு ஒருமுறை எல்லை கடந்து கோஸ்தாரிக்காவுக்குள் புகுந்து மீளவேண்டியிருந்த செலவையும் அவரே தாங்கினார்.) ஆயினும் அக்கிழமைகளிலே அயலார் வாசலில் தாழ்ந்த குரலிற் பேசியதை விளங்கிக்கொண்ட அந்நியன் அத்தெருவில் அவனொருவனே.

தந்தையாரின் கடிதத்தில் எழுதப்படாத நோவு ஒன்றும் இருந்தது. மகனுக்கு ஸ்பானியம் இத்துணை வந்தது. தமிழிற் பத்து வாக்கியம் தொடர்ந்து பேச வராது. எட்டாண்டு சனிக்கிழமைதோறும் தமிழ் வகுப்புக்குச் சென்றவன் அவன். பெற்றோர் தமிழிற் கேட்க, அவன் ஆங்கிலத்தில் விடையிறுப்பான், இருவருக்கும் விளங்கும், காரியம் முடியும். தேவை எழாத வீட்டில் மொழி எங்ஙனம் எழும்? ஊருக்கு வந்தாலோ, நல்லூர்த் திருவிழாவையொட்டி மூன்று கிழமை, தங்குவது விடுதியில், செல்வது வாடகை வாகனத்தில். எம் பிள்ளைகளும் தம் ஆங்கிலத்தை அவனிடம் பழகிப் பார்க்க முந்துகின்றனர். சான் ஹுவான் தெல் சூர் கடற்கரையில் அவன் கழித்த முதலிரண்டு மாதங்களுக்கும் இதற்கும் வேறுபாடு என்ன?

ஆதலின் பழைய மாணவர் சங்கத்தார்க்கு ஒன்று கூறுவோம். இவ்விழாவுக்குக் கடல்கடந்து வருவோர், பள்ளிப் படிப்பு முடித்த பிள்ளைகளை ஆறு மாதத்துக்கேனும் இங்கு விட்டுச் செல்லட்டும். விடுதியில் அன்று, வீட்டில். கிணற்றில் அள்ளவும், சந்தைக்குப் போய்க் கீரை பேரம் பேசவும், பெரியம்மாவிடம் ஏச்சு வாங்கவும் விடட்டும். அத்தகைய வீடுகளின் பெயர்களைச் சங்கம் திரட்டி வைத்தல் பெருஞ் செலவான காரியமன்று. ஆங்கிலம் அறியாத வீடுகள் மூன்றை, கல்லூரியிலிருந்து நடந்து செல்லும் தூரத்திலேயே, யாம் அறிவோம்.