கார் நிறுத்தும் இடத்தில் ஒரு கரண்ட் பெட்டி

சென்ற இதழில், டொராண்டோ குளிருக்குக் கைக்குழந்தைக்கு எப்படி உடை உடுத்துவது என்று எழுதியிருந்தேன். இந்தத் தடவை கார் விஷயம். "வீட்டு நிர்வாகம் எழுதுகிற பக்கத்தில் காரா?" என்று முகத்தைச் சுளிக்காதீர்கள், சகோதரிகளே! மின்சாரக் கார் வாங்கிய வீட்டில், இட்லிக்கு அரிசி ஊறப் போடுவது போல, ராத்திரி காரைச் சார்ஜில் போடுவதும் ஒரு வீட்டு வேலைதான். அது யார் தலையில் விழும் என்று நான் சொல்லவா வேண்டும்?

என் மகள் இருப்பது 'காண்டோ' என்று இங்கே சொல்லும் அடுக்குமாடிக் கட்டிடத்தில். ப்ளாட் அவளுடையது. தரைக்குக் கீழே கார் நிறுத்த ஓர் இடமும் அவளுடையது. ஆனால் அந்த இடத்தை ஒட்டிய சுவர், தூண், கரண்ட் மெயின் எல்லாம் எல்லோருக்கும் பொது. பொதுச் சுவரில் ஆணி அடிக்கக்கூட நிர்வாகக் குழுவின் சம்மதம் வேண்டும். சார்ஜர் வைக்கக் கேட்டபோது, "பில்டிங்கில் அவ்வளவு கரண்ட் கிடையாது, பார்க்கலாம்" என்றார்கள். நாலு மாதம் 'பார்க்கலாம்' என்பதிலேயே போயிற்று.

அந்த நாலு மாதமும் பனிக்காலம். குளிரில் பேட்டரி சீக்கிரம் தீரும். காருக்குள் சூடு வைத்துக் கொண்டால் இன்னும் சீக்கிரம். பொதுச் சார்ஜருக்குப் போய், பின்சீட்டில் குழந்தையை வைத்துக் கொண்டு காத்திருப்பாள். "அம்மா, பால் கொடுக்கிற நேரமெல்லாம் அங்கேயே போயிடறது" என்று அலுத்துக் கொள்வாள்.

பிறகுதான் சட்டத்தைப் படித்தோம். டொராண்டோ இருக்கும் ஒன்டாரியோ மாகாணத்தில், 2018 மே 1 முதல் இதற்கென்றே விதிகள் உண்டு. வரைபடமும் விவரமும் வைத்து எழுத்தில் விண்ணப்பித்தால், நிர்வாகக் குழு 60 நாளுக்குள் பதில் தர வேண்டும். மறுப்பதென்றால், தகுதியுள்ள நிபுணரின் எழுத்து மூலமான கருத்து வேண்டும். சட்டத்துக்கு விரோதம், கட்டிடத்தின் உறுதிக்குக் கேடு, உயிருக்கோ உடைமைக்கோ பெரிய ஆபத்து என்று அவர் சொல்ல வேண்டும். வெறும் "எங்களுக்கு இஷ்டமில்லை" செல்லாது. மற்ற வீட்டுக்காரர்கள் ஓட்டுப் போட வேண்டியதும் இல்லை. செலவு மட்டும் கேட்கிறவருடையது.

அந்த 60 நாள் கணக்கு, விண்ணப்பம் கைக்குப் போய்ச் சேர்ந்த பிறகுதான் தொடங்கும். லிப்டில் பார்த்துச் சொன்னதும், போனில் கேட்டதும் கணக்கில் வராது. மகள் விண்ணப்பம் எழுதிக் கொடுத்தாள். ஐம்பதாம் நாள் பதில் வந்தது: "செய்து கொள்ளலாம்."

இனிக் கொஞ்சம் கரண்ட் கணக்கு. கனடாவில் சாதாரணச் சுவர் பிளக்கில் 120 வோல்ட்தான் (நம் ஊரில் 230). அதில் செருகினால் மணிக்குச் சுமார் 1.4 யூனிட் ஏறும். 60 யூனிட் பேட்டரி காலியிலிருந்து நிரம்ப இரண்டு நாளுக்குக் கொஞ்சம் குறைவு! பெரிய கட்டிடங்களில் கிடைக்கும் 208 வோல்ட் லைனில், 32 ஆம்பியர் சார்ஜர் வைத்தால் மணிக்கு 6.6 யூனிட். ஒரே ராத்திரியில், ஒன்பது மணி நேரத்தில் வேலை முடிந்தது. ஆனால் 32 ஆம்பியர் மணிக்கணக்காக ஓடுவதால் லைனும் பிரேக்கரும் 40 ஆம்பியருக்குப் போட வேண்டும். இதில் கஞ்சத்தனம் ஆகாது.

வேலை நடந்தபோது பக்கத்திலிருந்து பார்த்துக் குறித்துக் கொண்டவை:

1. லைசென்ஸ் உள்ள மின் கான்ட்ராக்டரே செய்ய வேண்டும். மாகாணத்தின் மின் பாதுகாப்பு ஆணையத்துக்கு அறிவித்துவிட்டுத்தான் வேலை தொடங்கும்.

2. கான்கிரீட் தளத்தில் துளை போடுமுன் கருவி வைத்து உள்ளே பார்க்கிறார்கள். கம்பியோ இழுவிசைக் கேபிளோ அறுபட்டால் கட்டிடத்துக்கே ஆபத்து.

3. கேபிள் போன துளையைத் தீ தாங்கும் பூச்சால் அடைக்க வேண்டும். கீழே தீப்பிடித்தால் புகை மேலே ஏறாமல் இருக்கத்தான்.

4. சார்ஜருக்குத் தனி மீட்டர். அவரவர் செலவு அவரவருக்கு. மாதாமாதம் மனக்கசப்பு இல்லை.

5. செலவு, பராமரிப்பு, இன்ஷூரன்ஸ் யார் பொறுப்பு என்று ஒப்பந்தம் எழுதிப் பதிவு செய்கிறார்கள். நாளை ப்ளாட்டை விற்றால், வாங்குகிறவரையும் அது கட்டுப்படுத்தும்.

"கரண்ட் கிடையாது" என்றார்களே, அதில் பாதி நிஜம். முதலில் கேட்கிற நாலு பேர் மிச்சமிருக்கும் கரண்டை எடுத்துக் கொண்டால், ஐந்தாவது வீட்டுக்காரி என்ன செய்வாள்? அதனால் மகள் பக்கத்து மூன்று வீடுகளிலும் பேசினாள். நாலு பேரும் விண்ணப்பித்து, ஒரே 40 ஆம்பியர் லைனைப் பங்கிட்டுக் கொள்ளும் கருவியை வைத்தார்கள். நாலு காரும் ஒன்றாகச் செருகியிருந்தால் ஒவ்வொன்றுக்கும் மணிக்கு 1.6 யூனிட். பத்து மணி நேரத்தில் 16 யூனிட். ஆபீஸ், பள்ளிக்கூடம், கடைகண்ணி எல்லாம் போய் வரத் தாராளம். ஒரு கார் நிரம்பியதும் அதன் பங்கு மற்றவைக்குப் போய்விடும். நாலு மருமகள்கள் ஒரே அடுப்பில் சமைக்கிற மாதிரி!

நம் ஊர் ப்ளாட்டுகளிலும் இந்தப் பேச்சு எழுந்தாயிற்று. வீட்டிலுள்ள மின் இணைப்பைக் கொண்டே வண்டியைச் சார்ஜ் செய்து கொள்ளலாம் என்று, மத்திய மின்துறை அமைச்சகம் 2022 ஜனவரியில் வெளியிட்ட வழிகாட்டுதல் சொல்கிறது. அதற்காக மூன்றாம் மாடி ஜன்னலிலிருந்து எக்ஸ்டென்ஷன் ஒயரைத் தொங்க விடாதீர்கள். மழை நாளில் கீழே விளையாடுகிற குழந்தைகள் தொட்டுவிட்டால்? எர்த் சரியாக உள்ள தனி லைன், கசிவு கண்டால் தானாக நிறுத்தும் சுவிட்ச் — இவ்விரண்டும் இல்லாமல் தொடங்கவே கூடாது.

அஸோஸியேஷனுக்கு எழுத்தில் கொடுங்கள். தேதி போட்டு, நகல் ஒன்றை வைத்துக் கொள்ளுங்கள். கொடுக்குமுன் அக்கம்பக்கத்து வீடுகளிலும் ஒரு வார்த்தை கேளுங்கள். இன்று வண்டி இல்லாதவர்கள்கூட அடுத்த வருஷம் வாங்கலாமே!

அடுத்த இதழில், பனிக்காலத்தில் இட்லி மாவைப் பொங்க வைக்கும் வழிகள்.