டிவி தமிழ் சொல்லித் தராது

மேட்டூரிலிருந்து மாதேஸ்வரன் மலைக்குப் போகிற வழியில் பாலாறு. தமிழ்நாடு முடிந்து கர்நாடகா தொடங்கும் இடம். அந்தப் பக்கத்துப் பிள்ளைகள் பலர் பள்ளிக்கூடம் போகுமுன்பே தமிழும் கன்னடமும் பேசுவார்கள். வகுப்பெல்லாம் கிடையாது, வீட்டிலும் கடையிலும் பெரியவர்கள் பேச்சுக் கொடுப்பதுதான்.

இங்கே வெளிநாட்டில் நம்மில் பலர், குழந்தைக்குத் தமிழ் வரட்டுமென்று சன் டிவியைப் போட்டுவிட்டு லேப்டாப்பைத் திறந்துவிடுகிறோம். சியாட்டிலில் பட்ரீஷியா குல் 2003-ல் வெளியிட்ட ஆய்வு இதற்கு நேர் எதிர். ஒன்பது மாத அமெரிக்கக் குழந்தைகளுக்கு, 12 தடவை ஆள் நேரில் உட்கார்ந்து சீனமொழி பேசியதில் அதன் ஒலிகள் பிடிபட்டன. அதையே டிவியில் பார்த்த குழந்தைகளுக்குப் பிடிபடவில்லை.

வாரக்கடைசித் தமிழ்ப் பள்ளி நல்லதுதான், வேண்டாமென்று சொல்லவில்லை. ஆனால் அதற்கு முந்தைய வருஷங்கள்? பேங்க்காரன் பாஷையில் இது பிக்மி டெபாசிட், தினம் கொஞ்சம் போட வேண்டும். சோறூட்டும்போது பேசுங்கள். பிள்ளை தப்பாகச் சொன்னால் சிரிக்காமல் அடுத்த கேள்வியைக் கேளுங்கள்.